மார்க்கெட்டுக்குப் போய்த்தான் குழம்பு முடிவாகும்

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி முழுக்கக் கொட்டியதில், வடசென்னையில் எங்கள் பக்கத்துக் கணேசபுரம் ரயில்வே சப்வேயில் தண்ணி ஏறிவிட்டது. வியாசர்பாடிக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு செய்தியே கிடையாது, வானம் கறுத்தால் முதலில் கேட்கிற கேள்வியே "சப்வே திறந்திருக்கா?" என்பதுதான். ஆட்டோ அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, வண்டியைத் திருப்பினார், பெரம்பூர் போய் ஜமாலியா வழியாகப் புரசைவாக்கம் பிடித்துவிடலாம் என்றார். என் பையனுக்கு அப்போது எட்டு வயது முடிந்திருக்கவில்லை. வண்டி திரும்பியதும் அழ ஆரம்பித்தான். சிணுங்கல் இல்லை, மூச்சு முட்டுகிற அழுகை. "இது நம்ம வழி இல்ல, இது நம்ம வழி இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

நான் கத்தினேன். வேறென்ன. "எந்த வழியா போனா இன்னாடா, ஸ்கூல்தானே வரும்?" என்று ஆட்டோ அதிரக் கத்தி, அவன் இன்னும் அழ, ஜமாலியா சிக்னலில் பக்கத்து பைக்காரர் எட்டிப் பார்க்க, அவமானத்தில் இன்னொரு முறை கத்தி, பள்ளி வாசலில் இறக்கி விட்டபோது அவன் கண்ணெல்லாம் வீங்கிப் போயிருந்தது. இத்தனைக்கும் நான் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள், சாயந்திரம் வீட்டில் தெருப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு டியூஷன் எடுக்கிறவள்.

அன்று ராத்திரி விஷயத்தை வெளியே எடுத்தது என் மாமியார். பையனுக்கு ஆயா. பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கதை கேட்பதுபோல் கேட்டிருக்கிறார், அவன் சொல்லிவிட்டான். சப்வேக்குள் ஆட்டோ போகும்போது மேலே ரயில் போனால் அன்றைக்கு வகுப்பில் டெஸ்ட் இருக்காதாம். இரண்டு மாதமாகக் கணக்கு வைத்திருக்கிறான். அன்றைக்குக் கணக்கு டெஸ்ட். வழி மாறியதும் ரயில் போச்சு, ரயில் போனதும் எல்லாமே போச்சு.

கேட்டதும் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. எனக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது அவன் கணக்கில் ஒரு ஏற்பாடு, நான் அதைக் கேட்காமலே உடைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும், நான் ஏன் அப்படிக் கத்தினேன்? எட்டு இருபதுக்குப் பள்ளி, அடுத்து ரேஷன் கடை, அதற்கடுத்து பேங்க் என்று என் தலைக்குள்ளும் ஒரு வழி போட்டு வைத்திருந்தேன், அது உடைந்தது. அவன் அழுதான், நான் கத்தினேன். வியாதி ஒன்றுதான்.

அந்த வாரமே பழைய டிரெய்னிங் நோட்டுகளைத் தூசி தட்டினேன், கூடவே போனிலும் தேடித் தேடிப் படித்தேன். போட்டு வைத்த வழி உடைந்தால் வேறு வழிக்கு மாறிக்கொள்வதற்குப் புத்தகத் தமிழில் 'அறிவுசார் நெகிழ்வு' என்று பெயர். பேர் கிடக்கிறது, எங்கள் தெருவில் மாத்தி யோசிப்பது என்பார்கள். அடேல் டயமண்ட் என்கிற உளவியல் அறிஞர் 2013-ல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில், மூளையின் இந்த நிர்வாக வேலைகளுக்கு மூன்று கால்கள் என்கிறார்: ஒன்றை மனதில் பிடித்து வைத்துக்கொள்வது, சட்டென்று வருவதை அடக்கிக்கொள்வது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்வது. மூன்றாவது, முதல் இரண்டின் தோளில் ஏறித்தான் வளர்கிறது. அதாவது பழையதை அடக்கவும் தெரியணும், புதியதை மறக்காமல் இருக்கவும் தெரியணும், அப்போதுதான் மாற முடியும். பெரியவர்களுக்கே இது கஷ்டம். இந்த வேலையைப் பார்க்கிற முன்பக்க மூளை முழுசாக முதிர இருபது வயது தாண்டணும் என்கிறார்கள், நாம் எட்டு வயதுப் பிள்ளையிடம் ஜமாலியா சிக்னலில் எதிர்பார்க்கிறோம்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஒரு சின்ன சீட்டு விளையாட்டு. 1990-களில் பிலிப் டேவிட் ஸெலாஸோவும் அவர் கூட்டாளிகளும் செய்த சோதனை அது. அவர்கள் சீட்டில் முயலும் படகும், நான் என் வசதிக்கு மீனும் படகுமாக வரைந்துகொண்டேன், மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேடு பக்கத்துப் பிள்ளைக்கு முயல் எதற்கு. இரண்டு தட்டு. ஒன்றில் சிவப்பு மீன் படம், இன்னொன்றில் நீலப் படகு. கையில் கொடுக்கிற சீட்டெல்லாம் நீல மீனும் சிவப்புப் படகும். முதலில் கலர் ஆட்டம்: சிவப்பெல்லாம் சிவப்புத் தட்டுக்கு, நீலமெல்லாம் நீலத் தட்டுக்கு. ஆறு சீட்டு போட்டதும் ஆட்டத்தை மாற்றணும், இனிமேல் கலர் இல்லை, மீனெல்லாம் மீன் தட்டுக்கு, படகெல்லாம் படகுத் தட்டுக்கு.

என் நாத்தனார் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. கலர் ஆட்டத்தைக் கச்சிதமாக ஆடினாள். ஆட்டம் மாறியதும், "மீன் எங்க போவும் கண்ணு?" என்று கேட்டேன். சரியாக மீன் தட்டைக் காட்டினாள். "படகு?" படகுத் தட்டைக் காட்டினாள். சரி, இந்தா என்று நீல மீனைக் கையில் கொடுத்தேன். நேராகக் கொண்டுபோய் நீலப் படகுத் தட்டில் போட்டாள். மறுபடி கேட்டேன், மறுபடி சரியாகச் சொன்னாள், மறுபடி தப்பாகப் போட்டாள். மூன்று வயதுப் பிள்ளைகளில் நிறையப் பேர் இப்படித்தானாம், ஐந்து வயது வாக்கில் பெரும்பாலானவர்கள் மாறிவிடுகிறார்கள்.

வாய்க்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. இதைக் கண்ணால் பார்த்த பிறகு "எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று பிள்ளைகளிடம் கேட்பதையே குறைத்துவிட்டேன். விட்டுவிட்டேன் என்று சொன்னால் என் டியூஷன் பிள்ளைகள் சிரிப்பார்கள், குறைத்திருக்கிறேன். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைப் புத்திமதியால் நிரப்ப முடியாது, ஆடி ஆடித்தான் நிரப்பணும்.

ஆனால் எல்லாவற்றிலும் சின்னப் பிள்ளைகள் நம்மைவிட மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2000-ல் வந்த ஒரு ஆய்வு. ஒரு பெட்டியைச் சாமான் போடுகிற பெட்டியாகக் காட்டிவிட்டு, அதே பெட்டியை ஏறி நிற்கிற படி மாதிரி பயன்படுத்த வேண்டிய ஒரு சிக்கலைக் கொடுத்தார்கள். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் 'இது சாமான் போடுகிற பெட்டி' என்பதில் மாட்டிக்கொண்டு திணறினார்கள், ஐந்து வயதுப் பிள்ளைகள் அப்படி மாட்டவில்லை. வளர வளர ஒரு பொருளுக்கு ஒரு வேலை என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. எங்கள் வீடுகளில் அந்த முடிச்சு கொஞ்சம் தளர்வாக இருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து ஐஸ்கிரீம் இருந்த வீட்டை நான் இந்தத் தெருவில் பார்த்ததில்லை. தோசை மாவு இருக்கும், இல்லையென்றால் பொத்தானும் ஊசி நூலும். தெரு கிரிக்கெட்டிலும் பாருங்கள், ஒரு பக்கம் தண்ணி டிரம் ஸ்டம்ப், எதிர்வீட்டு மாடிக்குப் போனால் சிக்ஸர் இல்லை அவுட், ஆள் குறைந்தால் ஒன் டிப் கேட்ச், சின்னத் தம்பி அடம் பிடித்தால் அவன் ஒப்புக்குச் சப்பாணி. அந்தப் பேர் எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த ஏற்பாடு பிடிக்கும். எந்த வாத்தியாரும் சொல்லித் தராமல் ஐந்து நிமிஷத்தில் சட்டம் எழுதி, இடம் மாறினால் சட்டத்தையும் மாற்றுகிற பிள்ளைகள், கணக்கு நோட்டைத் திறந்ததும் மட்டும் எப்படி மரக்கட்டை ஆகிறார்கள்?

அதற்கு நாமும் பள்ளிக்கூடமும் சேர்ந்துதான் காரணம். ஒரு கதை சொல்கிறேன்.

டியூஷனுக்கு வருகிற மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மா காலையில் இட்லிக் கடை போடுகிறவர், இவள் ஆறு மணிக்கே எழுந்து கல்லாவில் உட்கார்ந்துவிடுவாள். பள்ளித் தேர்வில் 52-லிருந்து 38 கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கிக் கழிக்கிற முறைதான் நமக்கெல்லாம் தெரியும். இவள் 38, 40, 50, 52 என்று வரிசையாக எழுதி, மேலே குட்டி குட்டியாக 2, 10, 2 என்று போட்டு, 14 என்று விடை எழுதியிருந்தாள். விடை சரி. மிஸ் சிவப்பு மையில் வட்டம் போட்டு பூஜ்யம் கொடுத்திருந்தார். பிள்ளை என்னிடம் கேட்டது, "அக்கா, 14 தப்பா?" என்று.

என் மாமியார் அப்போது முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் கூடையில் மீன் சுமந்து தெருத் தெருவாக விற்றவர், பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. "ஏன் தப்பு? நானும் அப்டித்தானே சில்லறை குடுப்பேன்" என்றார். முந்நூற்று எண்பது ரூபாய்க்கு மீன் வாங்கி ஐந்நூறு நீட்டினால் ஆயா கழிக்கவே மாட்டார். "முந்நூத்தி எண்பது, இருபது வச்சா நானூறு, நூறு வச்சா ஐந்நூறு" என்று கையில் வைத்துக்கொண்டே போவார். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது, கடன் வாங்கவே இல்லை.

இது ஏதோ நம் ஊர் அதிசயம் இல்லை. 1985-ல் பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் இளநீர், பாப்கார்ன் விற்கிற பிள்ளைகள் 5 பேரை மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வாடிக்கையாளர் மாதிரி போய்க் கடையிலேயே கேட்டபோது, நூற்றுக்கு 98 கணக்கு சரி. அதே மாதிரி கணக்குகளைப் பேப்பரில் கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37. அதே பிள்ளைகள்தான். கடையில் அவர்களுக்கு இருந்த நாலு வழியும் பேப்பரைப் பார்த்ததும் ஒரு வழியாகச் சுருங்கி, அந்த ஒரு வழியும் பாதி மறந்துபோனது.

இட்லிக் கடை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். சண்டை போடுகிற மூடில்தான் போனோம். போய்ப் பார்த்தால் அந்த மிஸ்ஸுக்கு நாற்பத்தி மூன்று பிள்ளைகள், மேசை மேல் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு. "ஸ்டெப்புக்குத்தான்மா மார்க், நான் விட்டாலும் அடுத்த வகுப்புல விட மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். நான் என்ன கேட்டேன் என்றால், மார்க் போனால் போகட்டும், வாரத்துக்கு ஒரு கணக்கை மட்டும் போர்டில் போட்டு "இதை வேற எப்படிப் போடலாம்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள் என்று. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இரண்டு வாரம் செய்தார். 25-ஐ 12-ஆல் பெருக்குவதற்கு ஐந்து வழி வந்ததாம், ஒரு பையன் நாலணா கணக்கு மாதிரி 100, 200, 300 என்று எண்ணியே முடித்துவிட்டானாம். போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் போர்ஷன் முடிக்கணும் என்று நின்றுபோனது. இப்போது எப்போதாவது செய்கிறார். சரி, அதாவது நடக்கிறதே.

எனக்கு டிரெய்னிங் காலத்து ஞாபகம் வந்தது. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது, பிறகு 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனது. நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், சுவரில் அவர்கள் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை, கையில் அட்டை, யார் பாடத்தின் எந்த ஏணிப்படியில் இருக்கிறார்களோ அங்கிருந்து படிப்பு. அதில் குறை சொன்னவர்களும் உண்டு, அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வருவதற்குள் வருஷம் முடிந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் வேறு வேலை செய்கிறான், அதுவும் சரிதான் என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளை வளர்வது சின்ன விஷயம் இல்லை.

பள்ளியை மாற்றுவது என் கையில் இல்லை. டியூஷன் என் கையில் இருக்கிறது. அங்கே இரண்டு விளையாட்டுகள் நிலைத்துவிட்டன, மற்றதெல்லாம் ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை.

ஒன்று, நமக்கெல்லாம் தெரிந்த 'பற பற'. "காக்கா பற பற" என்றால் கையைத் தூக்கணும், "கழுதை பற பற" என்றால் தூக்கக் கூடாது, தூக்கினால் அவுட். இதை ஐந்து நிமிஷம் ஆடிவிட்டு, சட்டத்தைத் தலைகீழாக்குவேன்: இனிமேல் பறக்காததுக்குத்தான் கை தூக்கணும். அந்த முதல் நிமிஷம் பார்க்கணுமே, கை பாதி ஏறி, ஞாபகம் வந்து, இறங்கி, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து மறுபடி ஏறி. நான் ஆடினாலும் அப்படித்தான். "கோழி பற பற" என்று ஒருத்தன் போட்டான். கோழி பறக்குமா பறக்காதா என்று தெருவே ரெண்டாகிவிட்டது, கீழ்வீட்டுக் கோழி மதில் ஏறியதைப் பார்த்த சாட்சிகள் எல்லாம் வந்தார்கள்.

இன்னொன்று அட்டை. பன்னிரண்டு அட்டையில் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கும். பலா, பப்பாளி, பேரீச்சை, பாகல், புடலை, பீர்க்கை, கொய்யா, கமலா, கொடுக்காப்புளி, கத்தரி, கோவை, கேரட். முதலில் எழுத்துப்படி பிரிக்கணும், 'ப' வரிசை ஒரு பக்கம், 'க' வரிசை ஒரு பக்கம். அப்புறம் கலைத்துவிட்டு, பழம் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். கடைசியில் தரையில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில்: மேல் கட்டம் ரெண்டும் பழம், கீழ்க் கட்டம் ரெண்டும் காய், இடது 'ப', வலது 'க'. ஒரு சொல்லுக்கு ஓசையும் உண்டு, பொருளும் உண்டு, இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை படிப்பதைப் புரிந்துகொள்வதிலும் கெட்டியாக இருக்கும் என்று வாசிப்பு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எழுத்துக் கூட்டி மணியாக வாசித்துவிட்டு என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கிற பிள்ளைகள் என்னிடமே மூன்று பேர் இருந்தார்கள், அதனால்தான் இதை எடுத்தேன்.

சுவாரசியம் எங்கே வந்தது என்றால் பப்பாளியில். இட்லிக் கடைப் பெண் அதைக் காய்க் கட்டத்தில் வைத்தாள். தப்பு என்று எல்லோரும் கத்தினார்கள், நானும் திருத்தத்தான் கையை நீட்டினேன். "எங்க வீட்ல பப்பாளிக்காய் கூட்டு செய்வாங்களே" என்றாள். அப்போ பலா? பலாப்பிஞ்சு பொரியல் செய்கிறார்களே. பத்து நிமிஷச் சண்டைக்குப் பிறகு பப்பாளி அட்டையைக் கோட்டின் மேலேயே வைத்தோம். இன்றைக்கும் அந்த அட்டை மட்டும் கோட்டின் மேல்தான் உட்காரும்.

இனி கேரம். வடசென்னையில் இருந்துகொண்டு கேரம் பற்றிப் பேசாமல் விட்டால் தெருவுக்குள் நுழைய விட மாட்டார்கள். 2008-ல் பிரான்ஸில் உலக சாம்பியன் ஆன இளவழகி எங்கள் வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர்களுக்கெல்லாம் முன்பே 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர்தான். ஒரு போர்டு, 19 காயின், கொஞ்சம் போரிக் பவுடர், தெரு விளக்கு. இதைவிடக் குறைந்த செலவில் மாத்தி யோசிக்கக் கற்றுத் தருகிற பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

என் பையனுக்கு அங்கேயும் அதே ரயில் வியாதி. ஒரு கறுப்புக் காயினைப் பார்த்து வைத்துவிட்டால், அதையேதான் அடிப்பான். நடுவில் எதிராளி அடித்து போர்டே மாறியிருக்கும், பாக்கெட் வாயில் இன்னொரு கறுப்பு 'தள்ளினா விழுந்துடுவேன்' என்று நிற்கும், இவன் கண்ணுக்குத் தெரியாது. ஏனென்றால் அவன் போன முறையே முடிவு செய்துவிட்டான். தெருமுனையில் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக் கொடுக்கிற அண்ணன் ஒருத்தர், லோடு வண்டி ஓட்டுகிறவர், ரெண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் ஸ்ட்ரைக்கரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "ரெண்டு சொல்லு, ஒண்ணு அடி" என்றார். அதாவது ஒவ்வொரு முறையும் அடிப்பதற்கு முன்னால், இந்த போர்டில் செய்யக்கூடியது இரண்டை வாய்விட்டுச் சொல்லணும். நேரா அடிக்கலாம், இல்லாட்டி சைடு கட்டையில் மோதி டபுள் அடிக்கலாம். அதை எடுக்கலாம், இல்லாட்டி அவன் காயினை வழியில் நிறுத்தலாம். சொன்ன பிறகு ஒன்றை அடி, எதை வேண்டுமானாலும் அடி. முதல் வாரம் பிள்ளைகளுக்கு எரிச்சல். ரெட் போட்டுவிட்டு ஃபாலோவாக இன்னொரு காயின் போட வேண்டிய நேரத்தில்கூட நிறுத்தி ரெண்டு சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் வராது. மூன்றாவது வாரத்தில் என் பையன் முதல் முறையாகத் தன் காயினை விட்டுவிட்டு வேறொன்றை அடித்தான். விழவில்லை. ஆனாலும் அண்ணன் தலையில் தட்டிக் கொடுத்தார்.

அந்த ஒரு வரியை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். வெள்ளை ரிப்பன் காணோம் என்று டியூஷன் பெண் அழுதால், ரெண்டு சொல்லு. தம்பி பென்சிலைக் கடித்துவிட்டான் என்றால், ரெண்டு சொல்லு. அழுகை உச்சத்தில் இருக்கும்போது இதைச் சொல்லக் கூடாது, அடிதான் விழும், நமக்கு. முதலில் தண்ணி குடிக்க வைத்து, முதுகைத் தடவி, அப்புறம்தான். தூக்கம் கெட்ட நாளிலும் வேலைக்கு ஆகாது. கரண்ட் போய் கொசுக்கடியில் புரண்ட ராத்திரிக்கு மறுநாள் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் ஓடாது, அடேல் டயமண்டும் அதைத்தான் சொல்கிறார், தூக்கமின்மை, மன அழுத்தம், தனிமை இவற்றில் முதலில் அடி வாங்குவது இந்த மூன்று கால்கள்தான். அன்றைக்கெல்லாம் டியூஷனில் கதை சொல்லி அனுப்பிவிடுவேன்.

எங்கள் டியூஷனில் ஒரு பையனுக்கு இந்த வழியெல்லாம் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உட்காருகிற இடம் ஒரு அடி மாறினால்கூட உடம்பே நடுங்கும் அவனுக்கு. நான் 'பழகிடும்' என்று இரண்டு மாதம் இழுத்தது என் தப்பு. சில பிள்ளைகளுக்கு மாற்றம் என்பது நிஜமாகவே வலி, அதை விளையாட்டால் சரிசெய்ய நினைக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டணும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது. இப்போது அவனுக்கு அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து முன்பே காட்டிவிடுகிறோம், மாறப்போகிற படத்தை மட்டும் மஞ்சளில். அவனோடு நாங்கள்தான் மாறிக்கொண்டோம்.

இன்னொரு பக்க விளைவும் உண்டு. மாத்தி யோசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை அதை முதலில் பிரயோகிப்பது நம் மேல்தான். "ஹோம்வொர்க் இப்ப எழுதலாம், இல்லாட்டி நாளைக்குக் காலைல எழுதலாம், நான் ரெண்டாவத அடிக்கிறேன்" என்று என் பையன் சொன்ன நாளில் எனக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. எல்லாமே பேரம் ஆகிவிடக் கூடாது என்பதற்காக எங்கள் வீட்டில் சிலவற்றுக்கு ரெண்டு கிடையாது என்று வைத்திருக்கிறேன். கன்டெய்னர் லாரி போகிற ரோட்டைத் தனியாகக் கடக்கக் கூடாது. ஒன்றுதான். அதில் யோசிக்க எதுவும் இல்லை.

ஆனால் பேரம் பேசுகிறான் என்பதாலேயே அதிகாரமாக வாயை அடைக்கவும் மனசு வரவில்லை. அன்றைக்கு ஹோம்வொர்க்கைக் காலையில் எழுத விட்டேன். எழுந்திரிக்கவில்லை, மிஸ்ஸிடம் திட்டு வாங்கினான். மறுநாள் அவனாகவே முதலாவதை அடித்தான்.

எனக்குத்தான் இதெல்லாம் இன்னும் சரியாக வரவில்லை. என் மாமியாருக்கு இயல்பாக வரும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குக் கிளம்பும்போது "இன்னைக்கு இன்னா குழம்பு ஆயா?" என்று பையன் கேட்டால், "மார்க்கெட்டுக்குப் போய்த்தான் குழம்பு முடிவாகும்" என்பார். கல்யாணமான புதிதில் இந்தப் பதில் எனக்குக் கோபமாக வரும். முதல் நாளே தெரிந்தால்தானே புளி ஊறப்போட, தேங்காய் துருவ? அவர் கடலை நம்பிப் பிழைத்தவர், கூடையில் என்ன ஏறும் என்று தெரியாமலே இருபது வருஷம் விடியலில் எழுந்து போனவர். பையனோடு அவர் நடந்துகொள்வதைக் கவனித்தால், மாற்றியதை மறைக்கவே மாட்டார், சத்தமாகச் சொல்வார். "சங்கரா வாங்கலாம்னு நெனச்சேன், கண்ணு கலங்கிக் கெடந்துச்சு, வேணாம்னு விட்டேன்." நான் முடிவை மாற்றினால், முதலிலிருந்தே அதுதான் என் முடிவு என்பது மாதிரி நடந்துகொள்வேன். பிள்ளை பார்ப்பது எதை?

இந்த வருஷம் மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் விலை தாறுமாறாக இருக்கும், பெரிய மீன் கிடைப்பது கஷ்டம். பையனுக்கு வஞ்சிரம் வறுவல் வேண்டும், பத்து நாளாக நச்சரிப்பு. எப்படியும் கொஞ்சம் கிடைக்கும் என்று நான் சனிக்கிழமை ராத்திரியே மிளகாய், சோம்பு, பூண்டு எல்லாம் வைத்துக் கெட்டியாக வறுவல் மசாலா அரைத்துவிட்டேன், ஒரு கிண்ணம் நிறைய. காலையில் ஆயாவும் பேரனும் போனார்கள். ஒன்பது மணிக்கு வந்தார்கள். பையைக் கொட்டினால் எல்லாம் காரப்பொடி மீன். தடை இல்லாத சின்ன ஃபைபர் போட்டில் வந்தது, துள்ளத் துள்ள, விரல் நீளம்.

"வஞ்சிரம் எங்கே?" என்றேன்.

"ஆயிரத்தி நானூறு சொல்றான்மா, நானும் ஆயாவும் ரெண்டு சொல்லிப் பாத்தோம், இதான் நல்லா இருந்துச்சு" என்றான். முகத்தில் அழுகை இல்லை, மார்க்கெட்டில் யார் யாரிடம் பேரம் பேசினோம் என்று கதை வேறு. நான் கேட்கிற நிலையில் இல்லை. வறுவலுக்கு அரைத்து வைத்துவிட்டேன், இந்தப் பொடியைக் கழுவி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும், குழம்பென்றால் தேங்காய் இல்லை, ஒரு போன் பண்ணக் கூடாதா என்று குரல் ஏறிக்கொண்டே போனது, எனக்கே கேட்டது, நிறுத்த முடியவில்லை.

பையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அப்புறம் ஒரு சொம்பில் தண்ணி மொண்டு வந்து நீட்டினான்.

"குடிம்மா. குடிச்சிட்டு ரெண்டு சொல்லு."

ஆயா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் தண்ணியைக் குடித்தேன். பாதிப் பொடியை அந்த மசாலாவில் புரட்டி வறுக்கலாம், இல்லாட்டி மசாலாவைக் கரைத்துத் தேங்காய் இல்லாமலே குழம்பு வைக்கலாம் என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். "ம்" என்றான். புளியை எடுத்து ஊறப்போட்டேன்.